கீழே நிற்கும் கைப்பிடி

சீனி கருகும் வாசனையும் மார்ஜரின் உருகும் வாசனையும் வெந்நீர் ஆவியோடு கலந்து வந்தால், இன்றைக்கும் என் கை தானாகப் போய்த் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அடிபட்டது என் தாடை இல்லை, அப்பாவுடையது. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துப் பயப்படுகிற வேலை என்னுடையதாக இருந்ததால், அந்த அடியும் எனக்கே விழுந்த மாதிரி நினைவில் தங்கிவிட்டது.

நாங்கள் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அம்மா ஷா ஆலமில், ஒரு தொழிற்சாலைக்கு வரும் வெளிநாட்டுப் பொறியாளர்கள் தங்கும் விடுதியைக் கூட்டித் துடைக்கப் போய்வந்தார். அந்த விடுதிச் சமையலறையில்தான் அந்தக் கோப்பி மெஷின் இருந்தது. பித்தளையும் பளபளக்கும் வெள்ளை இரும்புமாக, ஒரு சின்ன அலமாரி கனம் கனக்கும். முன்பக்கம் முழங்கை நீளத்துக்கு ஒரு கைப்பிடி, அதன் அடியில் உருளைக்குள் தடித்த "ஸ்பிரிங்". கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் இறுகும், வெந்நீர் தூளின்மேல் இறங்கும். கையை விட்டால் ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து தண்ணீரைத் தூளுக்குள் அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் தானாக மேலே கொண்டுவரும். கீழே கோப்பி தேன்போலக் கெட்டியாக இறங்கும். விடுதிக்குப் பொத்தான் வைத்த புது மெஷின் வந்ததும் பழையதைத் தூக்கிப்போடச் சொன்னார்கள். அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா பந்திங்குக்கும் கேரி தீவுக்கும் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர். அவர் லோரியிலேயே அது வீட்டுக்கு வந்தது.

"அடுத்தவன் கக்கூஸக் கழுவுனது போதும்லா. இத வெச்சு பஸ் ஸ்டாப்புகிட்ட கோப்பிக் கடை போடப் போறேன்" என்றார் அம்மா. அவர் தமக்கென்று வேண்டும் எனச் சொல்லி நான் கேட்ட முதல் காரியம் அதுதான். அதனாலேயே அது நடக்காமல் போய்விடுமோ என்ற கவலை எனக்கு அன்று மாலையே தொடங்கிவிட்டது.

நல்ல நாள் பார்த்து மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, புது லோரிக்குச் செய்வதுபோல நான்கு காலுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மெஷினை நகர்த்திப் பழத்தை நசுக்கவேண்டுமே, அப்பா ஒரு தள்ளுத் தள்ளினார், அது அசைந்ததும் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, "லைசென்சு எடுத்தாச்சா அண்ணே, ஹைவேயில ஓட்டப் போறீங்களா?" என்றார். கூடம் சிரிப்பில் நிறைந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாங்கள் தினமும் துணிப் பையில் வடித்துக் குடிக்கும் தூளை, சீனியும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க வறுத்து சந்தையில் விற்கும் அதே பாசார் தூளை, மெஷினின் சல்லடைக் கிண்ணத்தில் நிரம்பக் கொட்டி, கட்டை விரலால் அமுக்கி, அந்தக் கிண்ணத்தின் பிடியைத் திருகி மெஷினுக்கு அடியில் மாட்டினார். எங்கள் ஊரில் கோப்பித் தூள் என்றால் அது ஒன்றுதான். வேறு விதமாகவும் கொட்டையை வறுப்பார்கள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

அம்மா கைப்பிடியை இழுத்துவிட்டார். ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. கைப்பிடி கீழே போன இடத்திலேயே நின்றது.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அஞ்சலை அக்கா.

"அது இன்னும் மேல வரல" என்றேன் நான், கதவுக்குப் பின்னாலிருந்து.

"இவ ஒருத்தி. பல்லி கத்துனாலும் பயம், கத்தாட்டியும் பயம்" என்று அப்பா சொன்னார். "ஜாம் ஆயிருக்கு, அவ்வளவுதான். இரும்பு எங்க போனாலும் இரும்புதான்." சொல்லிக்கொண்டே குனிந்து, கீழே மாட்டியிருந்த கிண்ணப் பிடியைத் திருகினார்.

சீனி இளகிப் பிசினாகிச் சல்லடையை அடைத்திருக்கிறது. உள்ளே இறுகிய ஸ்பிரிங் போக வழியில்லாமல் காத்திருக்கிறது. பிடி கழன்றதும் அதற்கு வழி கிடைத்தது. கைப்பிடி மேலே பறந்து அப்பாவின் தாடையில் அடித்தது. கொதிநீரும் கறுப்புத் தூளும் சாமி படம் வரைக்கும் தெறித்தன. அப்பாவுக்கு ஒரு பல் போயிற்று. அம்மாவின் முன்கையில் வெந்த தழும்பு இப்போதும் இருக்கிறது.

மறுநாள் அம்மா துடைப்பத்தைப் பிடிக்க மறுபடியும் ஷா ஆலம் பஸ் ஏறினார். மெஷின்மேல் பழைய கைலியைப் போர்த்திவிட்டார்கள். "பழைய இரும்புக்காரன் வந்தா குடுத்துரு" என்று கஞ்சி குடித்துக்கொண்டே அப்பா சொன்னார். அம்மா கைலியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். அது சம்மதமா மறுப்பா என்று எனக்குத் தெரியாது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாகக் கைலிக்கு அடியில் மெஷின் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அந்தச் சல்லடையை வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டினார். கறுப்புக் கண்ணாடி மாதிரி வில்லை வில்லையாக வந்தது. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது கோப்பி இல்லடி, மிட்டாயி" என்றார்.

அன்றே என்னையும் இழுத்துக்கொண்டு பாசாரில் கொட்டை வறுக்கும் கடையின் முதலாளி, சீனத் தவுக்கேயிடம் போய், சீனியும் மார்ஜரினும் போடாமல் வெறும் கொட்டையை வறுத்துக் கொடுக்கும்படி தமக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். அதை எவன் குடிப்பான் என்று தவுக்கே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வறுத்துக் கொடுத்தார். அந்தத் தூளைப் போட்டபோது கோப்பி இறங்கியது. கைப்பிடி தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதுபோல மெல்ல மேலே வந்தது. கசப்பு தாங்காமல் அப்பா முகத்தைச் சுளித்தார். அம்மா கிளாசின் அடியில் கெட்டிப் பால் ஊற்றி, அதன்மேல் கோப்பியை இறக்கினார். அப்பா இன்னொரு கிளாஸ் கேட்டார்.

அதோடு ஒரு சட்டமும் வந்தது. கைப்பிடி முழுசாக மேலே வரும்வரை யாரும் கிண்ணப் பிடியைத் தொடக்கூடாது. வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். "பயப்படுறவ கண்ணுதான் சரியாப் பாக்கும்" என்றார் அம்மா. பஸ் நிறுத்தத்தில் கடை போட்டு, விடுதி வேலையையும் விட்டார். நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்திக்கொண்டு கடைக்கே வந்துவிட்டேன். காலையில் "வந்திருச்சு, வந்திருச்சு" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதைக் கேட்டு, பஸ் வந்துவிட்டதென்று ஓடியவர்களும் உண்டு.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் என் கடையில் நிற்பதும் அதே மெஷின்தான். ரப்பர் வளையங்களை மாற்றியிருக்கிறேன், ஸ்பிரிங்கை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். கடைக்கு வரும் பிள்ளைகள், "அக்கா, பழசு நல்லதா, இப்ப வர்ற கை மெஷின் நல்லதா?" என்று கேட்கிறார்கள். படிப்பில்லாதவள் என்று நான் தயங்குவதில்லை, இதில் எனக்குத் தெரியும். புதியதில் ஸ்பிரிங் இல்லை, கொதிகலன் இல்லை. வெந்நீரை நாம் ஊற்றி, நம் கை பலத்தால் அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று முள் காட்டும். தூள் அடைத்துக்கொண்டால் கைக்கு உடனே தெரிந்துவிடும், விட்டுவிடலாம், அது திருப்பி அடிக்காது. வறுத்த கொட்டைக்கு ஏற்றபடி மெதுவாகவோ வேகமாகவோ அழுத்தலாம். லேசாக வறுத்த கொட்டையில் அது எடுக்கிற பழ ருசியைப் பழைய மெஷின் எடுக்காது. ஆனால் காலையில் பத்துப் பேர் வரிசையில் நின்றால் புதியது கை வலி. பழையதுக்கு நம் பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். ஒவ்வொரு கிளாசும் ஒரே மாதிரி இறங்கும். வீட்டுக்குப் புதியது, கடைக்குப் பழையது. இன்னொன்றும் சொல்வேன்: பழையதில் கைப்பிடி கீழே நின்றால் ஆபத்து, புதியதில் கைப்பிடி கீழே நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இதை மாற்றி நினைத்தவனுக்குப் பல் போகும்.

போன தீபாவளிக்கு என் அண்ணன் மகள் கவிதா, புதிய மெஷின் ஒன்றைக் கிள்ளான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பா இப்போது இல்லை. தவுக்கேயின் வறுகடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். அஞ்சலை அக்கா மகனோடு ஜொகூர் போய்விட்டார். அம்மா மட்டும் அதே கூடத்தில், தழும்புக் கையால் அந்தப் புதிய கைப்பிடியை நிதானமாக அழுத்தினார். கோப்பி அழகாக இறங்கியது. முடிந்ததும் கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். கவிதா கப்பை எடுக்கக் குனிந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"பாட்டி, அது தானா மேல வராது. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று அவள் சிரித்தாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை கவிதாவுக்கு விவரமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான், பேச்சை நிறுத்திவிட்டுப் போய், கைப்பிடியை என் கையாலேயே மெல்லத் தூக்கி மேலே நிறுத்தினேன்.

"வந்திருச்சும்மா" என்றேன்.

அப்புறம்தான் அவளை விட்டார்.