முள் பூஜ்யத்தைத் தாண்டக் கூடாது

பல்செட்டுக்காரரின் தொழிலில் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் செய்துகொடுத்த பல்லை வைத்துக்கொண்டு பாதாம்கொட்டையைக் கடித்து உடைத்த கிழவர்கள் உண்டு. ஆனால் மனிதருக்கு மைலேஜ் வியாதி. எந்த வண்டியைப் பார்த்தாலும் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் டர்போ வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது என்றால், அது அவர் மனைவியின் பிடிவாதம்.

அவள் டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு கை மாறிய அந்தக் காரைத் தானே போய்ப் பார்த்து வாங்கினாள். வேலை முடிந்து வரும்போது மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்துவாளாம். முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளுமாம், அன்றைய அலுப்பெல்லாம் பறந்துவிடுமாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பல்செட்டுக்காரரால் சும்மா இருக்க முடியுமா? பூஸ்ட் மீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். எஞ்சினுக்குள் டர்போ காற்றை எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது என்று அது காட்டும். மெக்கானிக் எதற்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து கிடந்து தானே மாட்டினார். முள் பூஜ்யத்தைத் தாண்டினால் பெட்ரோல் கரைகிறது என்று அர்த்தம், தாண்டவே கூடாது என்று சட்டம் போட்டார். அவர் ஓட்டினால் தாண்டாது. சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான், அது வேறு விஷயம்.

அந்த வாரத்திலிருந்து மைலேஜ் படுத்துவிட்டது. அதிலும் வேடிக்கை என்னவென்றால், அவர் ஓட்டினால் ஓரளவு வந்தது. அவள் ஓட்டினால் பாதிதான், போதாக்குறைக்குக் கரும்புகை வேறு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முன்பு ஓட்டியது போலத்தான் ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "இவளுக்கு இரும்புக் கால். பெட்ரோல் பங்க்கையே எழுதி வெச்சாலும் பத்தாது" என்று போட்டு உடைத்தார். அண்ணி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். இரும்புக்கால் என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. அவள் மறுநாள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.

சில நாள் கழித்து, துடைக்கிறேன் பேர்வழி என்று பல்செட்டுக்காரர் பானெட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுப் போகிற தடித்த ரப்பர் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு. தொட்டுப் பார்த்தார், ஆடியது. குழாயை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் தொளதொளவென்று கிடந்தது. மீட்டர் டியூபுக்கு வழி பண்ண அந்தக் கிளாம்பைக் கழற்றியவர் அவர்தான். திரும்ப மாட்டி, முறுக்க மறந்தவரும் அவர்தான். டர்போ அழுத்தும்போதெல்லாம் காற்று அந்த இடுக்கு வழியாக ஓடியிருக்கிறது. அந்தக் காற்றுக்கென்று எஞ்சின் அளந்து ஊற்றிய பெட்ரோல் புகையாகப் போயிருக்கிறது. அவர் டர்போவை அழுத்தவே விட்டதில்லை, அதனால் அவர் ஓட்டும்போது தெரியவில்லை. காது மடல் சுட்டது. வாடிக்கையாளர் வாயில் ஒரு நூல் இடைவெளி இருந்தால் தூக்கம் வராத மனுஷன்!

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் சமையலறையில்தான் இருந்தாள். சொல்லவில்லை. கிளாம்பை முறுக்கினார், கை கழுவினார், பஸ்ஸில் எதற்கு இடிபடுகிறாய், வண்டியை எடுத்துக்கொண்டு போ என்று பெரிய மனசு பண்ணுகிறவர் போலச் சாவியை நீட்டினார். அந்தக் கேவலத்தை என்னவென்று சொல்ல!

அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் மேம்பாலத்தில் அழுத்தவில்லை. முள்ளைப் பார்த்துப் பார்த்து, தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி ஓட்டினாள். மைலேஜ் ஏறியது. ஏறாதா பின்னே? பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பல்செட்டுக்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அடுத்த முறை அண்ணன் வீட்டுக்குப் போனபோது, என்ன இரும்புக்கால், பெட்ரோல் எல்லாம் எப்படி என்று அண்ணி ஆரம்பித்தாள்.

"அவர் சொன்னது சரிதான்க்கா" என்றாள் மனைவி. "எனக்குத்தான் ஓட்டத் தெரியல. இப்ப பாத்து ஓட்டுறேன், மைலேஜ் நல்லா வருது."

இதற்கு மேல் பல்செட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. அவள் காலில் ஒரு தப்பும் இல்லை, மீட்டர் மாட்டும்போது குழாயைச் சரியாக முறுக்காமல் விட்டது நான்தான் என்று தட்டைப் பார்த்தபடி சொன்னார். அட கிறுக்கா என்று அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். விஷயம் முடிந்தது என்று பல்செட்டுக்காரரும் லேசாகச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "இது எப்பங்க தெரிஞ்சுது?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "நீ பஸ்ல போயிட்டிருந்தப்பவே. உன்கிட்ட சாவி குடுக்குறதுக்கு முன்னாடி."

"அப்ப இத்தன நாளா நான் பயந்து பயந்து ஓட்டுனத, பக்கத்துல உக்காந்து பாத்துட்டுதான் வந்திருக்கீங்க."

கோபமாகக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பல்செட்டுக்காரர் நிமிராமலே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.