பெனிசிமானி ஆண்டவரைத் திட்டிய ஞாயிறு

எங்கள் வவாவு தீவில் புயலுக்குப் பயப்படாதவர்கள்கூட பெனிசிமானியின் ஜெபத்துக்குப் பயப்படுவார்கள். ஆலயத்தில் மூப்பர் அவர். பாடகர் குழுவில் அடித்தொண்டைக்காரர். விருந்தில் ஜெபிக்க எழுந்தாரென்றால் ஆதாமில் தொடங்குவார். நோவாவின் பேழைக்குள் மிருகங்களை ஏற்றி முடிப்பதற்குள் தேங்காய்ப்பாலில் வெந்த கீரை ஆறிப்போகும். ஒருமுறை நாங்கள் கண்ணை மூடியிருந்த நேரத்தில் இரண்டு நாய்கள் வந்து, சுட்ட பன்றியின் தலையைத் தூக்கிக்கொண்டு போயின. 'ஆமென்' சொல்லிக் கண்ணைத் திறந்தால் முண்டம்தான் கிடந்தது.

"நாய்க்குத் தெரிஞ்சிருக்கு, இவரு எப்ப முடிப்பாருன்னு," என்றாள் அவர் மனைவி லெசியெலி.

நான் கெப்பு. அவருக்கு அடுத்த வீடு. குழுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவன்.

ஐம்பத்து நான்கு வயதில் மீன் பிடிக்கப் போனபோது அவர் இடது பாதத்தில் பவளப்பாறை கிழித்தது. உடம்பில் சர்க்கரை ஏற்கெனவே குடியேறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். கேட்கவில்லை. புண்ணின்மேல் கையை வைத்து தினமும் அரைமணி நேரம் ஜெபித்தார். மூன்றாம் வாரம் விரல்கள் கறுத்தன. ஐந்தாம் வாரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஜெபம் நின்றது, பாட்டும் நின்றது. போதகர் மொலேனி ஆறுதல் சொல்ல வந்தார். நல்ல மனிதர். ஆனால் ஆறுதல் சொல்லும்போது குரலில் கொஞ்சம் தேனைத் தடவிக்கொள்வார்.

"ஆண்டவர் யார்மேல அன்பு வைக்கிறாரோ அவங்களத்தான் சோதிக்கிறார், பெனிசிமானி."

பெனி மெதுவாகத் திரும்பி போதகரின் கால்களைப் பார்த்தார். "அப்ப உங்கமேல அவருக்கு அன்பே இல்லையா போதகரே? ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

லெசியெலி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கு இரண்டுமே கேட்டது.

ஆறு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரே ஆலயத்தில் இருந்தது. எனக்கு வயிற்றுவலி, அதாவது, அப்படித்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். முந்தின இரவு மழை பெய்து முற்றமெல்லாம் சேறு. கொல்லைப்புறம் போகக் கிளம்பிய பெனியின் ஊன்றுகோல் வழுக்கிவிட்டது. பன்றிகள் புரளும் குழியில் மல்லாந்து விழுந்தார். நான் வேலியைத் தாண்டுவதற்குள் அவர் கத்த ஆரம்பித்துவிட்டார். என்னைப் பார்த்து அல்ல, மேலே பார்த்து.

"நாப்பது வருஷம்! நாப்பது வருஷமா உம்மப் புகழ்ந்து தொண்டை கட்டுச்சு எனக்கு. ஒரு காலக் காப்பாத்த முடியலையா உம்மால? மோசேக்குக் கடலப் பொளந்தீரு, எனக்கு ஒரு புண்ண மூட முடியலையா? தூங்குறீரா? காது கேக்கலையா? இந்தாரும், என்னப் பாரும்! பன்னிச் சேத்துல கிடக்கேன்! சந்தோஷமா?"

இதுவரை அச்சில் ஏற்றலாம். அடுத்து வந்தவற்றை ஏற்ற முடியாது. ஆண்கள் கூடிக் காவா என்கிற போதைவேர்ச் சாறு குடிக்கிற இடத்தில்கூட அப்படிப்பட்ட வார்த்தைகளை நான் கேட்டதில்லை. ஒரு தாய்ப்பன்றி வந்து அவர் காதை முகர்ந்தது. அதையும் திட்டினார். பிறகு குரல் உடைந்தது.

"எனக்குப் பயமா இருக்கு, ஆண்டவரே. லெசியெலி என்னத் தூக்கித் தூக்கி முதுகு போயிடுச்சு. நான் என்ன பண்ணுவேன்?"

போய்த் தூக்கினேன். முகமெல்லாம் சேறு, கண்ணீர் ஓடிய இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"கெப்பு, எல்லாத்தையும் கேட்டியா?"

"கேட்டேன்."

"வயித்துவலியா உனக்கு?"

"ஆமா."

"பொய் சொல்லாத. ஞாயித்துக்கிழம."

குளிப்பாட்டி உட்கார வைத்தேன். காதிலிருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பதில் ஒண்ணும் வரல. ஆனா யாரோ கேட்டாங்கடா. முன்னாடியெல்லாம் நான் ஜெபிச்சா நான் மட்டுந்தான் கேட்டுட்டிருப்பேன்."

அடுத்த புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு ஆலயத்துக்குப் போகும்போது நாங்கள் மரியாதைக்குக் கட்டுகிற பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஊன்றுகோலோடு வந்துவிட்டார். போதகர், பாவம், வேறு வழியில்லாமல் ஜெபிக்கக் கேட்டார். நாங்கள் ஆதாமுக்குத் தயாராகிக் கண்ணை மூடினோம்.

"ஆண்டவரே, வந்துட்டேன். கோபம் இன்னும் போகல. இருந்தாலும் வந்துட்டேன். லெசியெலி முதுகப் பாத்துக்கும். ஆமென்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது என்று யாருக்கும் விளங்கவில்லை. கண்ணை மூடியபடியே ரொம்ப நேரம் நின்றோம்.

கோபம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. அடுத்த வருஷம் வலது பாதத்தில் இரண்டு விரல்கள் போனபோது ஒரு வாரம் ஆண்டவரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அந்த வாரமும் ஆலயத்துக்கு வந்தார். "வீட்டுல சண்டைன்னா வீட்ட விட்டா போயிடுறோம்?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தோவாகாசேயின் காலையும் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பாடகர் குழுவில் உச்சக்குரல்காரி அவள். பெனியின் குரல் தன் குரலை அமுக்குகிறது என்று இருபது வருஷமாகச் சண்டை போடுகிறவள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் பிடிவாதமாகப் படுத்திருந்தாள். கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் அற்புதம் வேண்டிக் கதறிக்கொண்டிருந்தார்கள். பெனியை என் வண்டியில் கூட்டிப்போனேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பினார்.

"வேடிக்க பாக்க வந்தியாய்யா?" என்றாள் தோவாகாசே. "உன் காலு எப்படி இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? பிரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள்: "வலிக்குமா?"

"வலிக்கும். இல்லாத பெருவிரல் அரிக்கும். அத எங்க போய்ச் சொறியிறது?"

"ஆண்டவர் கூட இருந்தாரா?"

பெனி யோசித்தார். "இருந்தாரு. நாந்தான் மூஞ்சக் குடுத்துப் பேசல."

தோவாகாசே கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "எனக்காக ஜெபம் பண்ணுய்யா."

"நான் பண்ணா உனக்கு என்ன ஆகப்போகுது? உன் மனசுல இருக்கிறத நீயே கேளு. திட்டணும்னா திட்டு. நான் கூட இருக்கேன்."

அவள் திட்டினாள். ஆண்டவரைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள், பெனியின் குரலையும் விடவில்லை. ஊசியோடு வந்த நர்ஸ், ஜெபம் நடக்கிறது என்று நினைத்துத் தலையைக் குனிந்து நின்றாள். கடைசியில் தோவாகாசே பெனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டாள். பிழைத்தும் கொண்டாள்.

இப்போது யாருக்காவது கால் எடுக்க வேண்டும் என்றால் டாக்டரே பெனிக்குச் சொல்லி அனுப்புகிறார். இதுவரை எட்டுப் பேரைப் பார்த்தாயிற்று. அதில் இரண்டு பேர் பிழைக்கவில்லை. அவர்கள் அடக்கத்தில் பாடினார், ஆனால் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் பெனி பார்க்கப் போன படகுக்காரன், காலை எடுக்கிற பேச்சைக் கேட்க மனமில்லாமல் டீக் கோப்பையை அவர்மேல் விட்டெறிந்தான். நெற்றியில் பட்டு வீங்கிவிட்டது.

"நல்ல ஆளு, கை வாகு நல்லா இருக்கு," என்றார் பெனி. "வியாழக்கெழம திரும்பவும் போறேன். வண்டிய எடுத்து வை."