வேப்பிலை கட்டிய வீட்டில் ஒரு வாரம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டார். பிறந்தது முதல் கடைசி நாள் வரை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஒரே ஒரு வாரத்தில் போய் நின்றுகொண்டு நகர மறுக்கிறது. சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில். சாமையும் புளியும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அவருக்குப் பதினைந்து வயதும் எனக்கு நான்கு வயதும் இருக்கும்போது அம்மா காலமானார். அதன் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதும் அண்ணன்தான், தலையில் குட்டியதும் அண்ணன்தான். மலைக்குக் கீழே தங்கிப் படித்து, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து போய், எங்கள் ஊரிலேயே முதல் ஆளாக எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். மூன்று வருடம் மனுப் போட்டுக் காத்திருந்த பின், எழுபதுகளின் கடைசியில், வனக்காவலர் வேலைக்குத் திருப்பத்தூரில் நேர்காணல் என்று கடிதம் வந்தது. அன்று வீட்டில் வெல்லம் போட்டுச் சாமைப் பாயசம் வைத்தார்கள்.

மறுநாள் எனக்கு அம்மை போட்டது.

வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. அம்மை கண்டவரைப் பார்த்துக்கொள்பவர், அம்மை இறங்கி அவர் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டையும் தோட்டத்தையும் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. தாளிக்கக் கூடாது. ஊசி, கத்தி, அரிவாள் எதையும் கையில் எடுக்கக் கூடாது. அப்பாவுக்கு அம்மை கண்டதில்லை. அவர் சாமை விளையும் கொல்லையில் இருந்த காவல் குடிசைக்குப் போய்விட்டார். சின்ன வயதிலேயே அம்மை கண்டிருந்த அண்ணன் என்னோடு உள்ளே இருந்தார். நேர்காணலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. “சொறிஞ்சீனா மூஞ்சி பலாப்பழமாட்டம் ஆயிடும் பாப்பா” என்று சொல்லிப் பார்த்தார். நான் கேட்கிற ரகமில்லை. பின்கதவைத் திறந்து, தோட்டம் தெரியும்படி பாயைப் போட்டார். அரிக்கும்போது கையை வைக்காமல் ஒரு குருவியைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு புளியங்கொட்டை தருவார்.

குருவிகளை வரவழைக்க ஒரு தட்டு செய்தார். கூடை முடைய முன்பே கிழித்து வைத்த மூங்கில் பட்டைகள் கிடந்தன. அவற்றைக் கற்றாழை நாரால் கட்டினார். நீண்டிருந்த பட்டையைப் பல்லால் கடித்து ஒடித்தார். பல்லைப் பற்றி ஊர் ஒன்றும் சொல்லவில்லையாம். தட்டைச் சீத்தா மரத்தில் தொங்கவிட்டு, சாமையைத் தூவினார். மூன்று நாள் அணில் ஒன்று மட்டும் வந்து வயிறு முட்டத் தின்றது.

“இதுக்கும் ஒரு கொட்ட குடுண்ணா.”

“அணிலு பறக்குமா?”

“குதிக்குதில்ல?”

பாதிக் கொட்டை கொடுத்தார்.

நான்காம் நாள் சிட்டுக்குருவிகள் வந்தன. தவிட்டுக் குருவிகள் கூட்டமாய் வந்து கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி சண்டை போட்டன. செம்போத்து ஒன்று தட்டை ஏறிட்டும் பார்க்காமல் கீழேயே நடந்து போனது. வந்தவற்றையெல்லாம் இருவரும் செம்மண்ணில் செய்தோம். அவர் செய்தவை குருவிகளாகவே இருந்தன. நான் செய்தவை எல்லாம் கோழிகள்.

ஐந்தாம் நாள் அண்ணன் தோட்டத்துக் கோடியில் உள்ள ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அப்பா வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

“பாப்பா, அண்ணங்கிட்ட சொல்லு. நாட்டாமை உத்தரவு குடுத்துட்டாரு. தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு நாளைக்கிக் காலைல கெளம்பட்டும். உன்னப் பாத்துக்க சின்னம்மா வரும்.”

சரிப்பா என்றேன். அவர் கொல்லைக்குத் திரும்பிப் போனார். அம்மாவின் தங்கையான சின்னம்மா நல்லவர்தான். ஆனால் குருவி பார்க்கிறவர் இல்லை.

அண்ணன் குடத்தை இறக்கிவிட்டு, “அப்பா இன்னா சொன்னாரு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல. கஞ்சி குடிச்சியான்னு கேட்டாரு.”

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “குடிச்சேன்னு சொன்னியா?” என்று கேட்டுவிட்டு மண் பிசைய உட்கார்ந்தார்.

நேர்காணல் நாளன்று சாமை வைக்கோலில், பானை வைக்க ஒரு பிரிமணை பின்னினோம். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று அப்பா உள்ளே வந்து, “ஏண்டா போவல?” என்று கேட்டார். “மனசு வரலப்பா” என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வேலைக்கு அவரை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

பிறகு அண்ணன் உழுதார், புளி உலுக்கினார், அண்ணியைக் கைப்பிடித்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். மலைக்குச் சாலை வந்ததும் ஜீப் ஓட்டினார். பிரசவ வலி எடுத்த எத்தனையோ பெண்களைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் யாராவது எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படியே நாற்பது வருடம் போயிற்று.

கடைசி ஆறு மாதம் மூச்சுத் திணறலில் அவர் பட்ட பாட்டில் பங்கெடுத்தவர்கள் பலர். கண் துஞ்சாமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், கட்டிலோடு தூக்கி வந்து வண்டி ஏற்றிய ஊர்ப் பிள்ளைகளுக்கும், படவேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் சாப்பாடு கொண்டுவந்த சம்பந்தி வீட்டாருக்கும், இறுதி நாளில் மழையில் நின்ற அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

என் நன்றி ஒன்று தனியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல், அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தபோது, அப்பா வேலியோரம் சொன்னதை நான் மறைத்த கதையை அழுதுகொண்டே அண்ணனிடம் சொன்னேன். அவர் மூச்சு வாங்கிச் சிரித்தார்.

“நான் ஊத்துகிட்டதான நின்னுக்கினு இருந்தேன். அப்பா கொரலு அடுத்த ஊருக்கே கேக்கும்.”

“அப்போ ஏண்ணா போவல?”

“சின்னம்மா தூங்கிடும், நீ சொறிவ.” மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னார்: “அதுவும் இல்லாம, அம்மா போனப்புறம் நான் வெளையாண்டது அந்த ஒரு வாரந்தான் பாப்பா.”

- தங்கை