நாலாவது கல்

இப்போதும் காட்டுப்பக்கம் காலாற நடந்தால் என் கண் புதருக்குள்தான் போகும். சீமைக்கருவேலுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கல்முனை தெரிந்துவிட்டால், உள்ளே நுழைந்து அதன் உச்சியில் கூட்டல் குறி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். அது நிலத்தை அளந்து நட்ட கல் என்பதற்கு அந்தக் குறிதான் அடையாளம். கூட வருகிறவர்களிடம் காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கும். இங்கே எழுதிவிடுகிறேன்.

குரும்பலூரைத் தாண்டி இருந்த கரிசல் காட்டில் அப்பாவுக்கு அரசாங்கம் ஒன்றரை ஏக்கர் கொடுத்திருந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. மேற்குப்பக்கத்துக் காட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு சால் எங்கள் பக்கம் ஏறி உழுகிறார் என்று அப்பா சர்வேயருக்கு மனுப் போட்டார். நாலு மூலைக்கல்லும் இருந்தால் கல்லை வைத்து அளப்பார்கள், இல்லாவிட்டால் இருக்கிற வரப்பை வைத்து அளந்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வரப்போ ஏற்கெனவே எங்கள் பக்கம் நகர்ந்திருந்தது.

அந்தச் சித்திரை விடுமுறையில் காலை நேரங்களில் குடும்பத்தோடு கல் தேடி நடந்தோம். முதல் கல் கோவைக்கொடிக்குள் இருந்தது. இரண்டாவதுக்கு யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். அம்மா முதலில் கும்பிட்டாள். பிறகு மஞ்சளைச் சுரண்டிக் குறியைப் பார்த்தாள். தப்பாகிவிடக் கூடாதென்று மறுபடியும் கும்பிட்டாள். மூன்றாவது வரப்புக்குள் புதைந்து கிடந்தது. மேற்கு மூலைக்கல் மட்டும் அகப்படவில்லை.

"அந்தக் கல்லு மட்டும் கெடச்சிட்டா போதும்" என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொன்னார்.

சர்வேயர் வருவதற்கு முதல் நாள் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். நானும் அக்காவும் புதருக்குள் புகுந்தோம். கை காலெல்லாம் முள் கீறியது. கல்லை நான்தான் கண்டுபிடித்தேன். கோடையில் கரிசல் வெடித்திருந்ததால் அது விழப்போகிற பல்லைப் போல ஆடியது. அப்பாவுக்குக் கல்தானே வேண்டும்? இருவரும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, வண்டிப்பாதை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பின்னால் மேற்குக் காட்டுக்காரர் சத்தம் போட்டார். கல்லைப் பிடுங்கிக்கொள்வார் என்று பயந்து இன்னும் வேகமாக உருட்டினோம்.

சாயங்காலம் வந்த அப்பா கல்லைப் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்த எடத்துலருந்து எடுத்தீங்க?"

எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாப் புதரும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

அப்பாவோடு தேடிக்கொண்டு உள்ளே போனால், மேற்குக் காட்டுக்காரர் குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒம் புள்ளைவோ புடுங்குறப்பவே கத்துனேன், காதுல வாங்கல. மாடு மிதிச்சா குழி தூந்துடும். அதான் உக்காந்துட்டேன்."

"காலைலேருந்தாங்க?" என்றார் அப்பா.

"பின்ன? எந்திரிச்சுப் போனா, நாந்தான் தூத்துட்டேன்னு ஆபீசுக்கு இன்னொரு மனு எழுதுவ."

அப்பாவும் அவரும் சேர்ந்து கல்லைத் தூக்கி வந்து அந்தக் குழியிலேயே நட்டார்கள்.

மறுநாள் சர்வேயர் கல்லடியில் குனிந்து பார்த்தார். "மண்ணு புதுசா இருக்கே. யாரு கைய வச்சது?"

மேற்குக் காட்டுக்காரர்தான் முன்னால் வந்தார். "எம் மாடு முட்டிச் சாஞ்சுடுச்சு சார். நாங்க ரெண்டு பேருந்தான் நிமுத்துனோம்."

"இல்ல சார்" என்று நான் வாயெடுத்தேன். அம்மா முதுகில் கிள்ளினாள்.

சங்கிலி பிடித்து அளந்ததில் எங்களுக்கு மூன்றடி திரும்பி வந்தது. மேற்குக் காட்டுக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஒன்றரை ஏக்கரில் விளைந்த பருத்திதான் பிறகு அக்காவையும் என்னையும் தொடர்ந்து படிக்க வைத்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்டுபிடித்தது நான், பெயர் மாட்டுக்குப் போய்விட்டது என்பதுதான். மத்தியானம் அவர் குழிப்பக்கத்திலிருந்து எழுந்து வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாலே அந்த மூன்றடி அவரிடமே இருந்திருக்கும். அதை யோசித்துப் பார்க்க எனக்கு இருபது வருஷம் ஆனது. அதுவரை பாதையில் எதிர்ப்படும்போதெல்லாம் "என்ன பாப்பா, இன்னும் கோவமா?" என்று கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன்.