தள்ளுகிற ரம்பமும் இழுக்கிற ரம்பமும்

ரம்பத்துக்கு அரம் போடுகிறவனிடம் கூர் கேட்டு வர வேண்டும். பாதிப் பேர் வயசு கேட்டு வருகிறார்கள். அரம் பிடிக்கிற உங்களுக்கும் இந்தத் தொல்லை இருக்கும். பேரும் முத்திரையும் இல்லாத ஒரு பழைய தகட்டை நீட்டி, "இது எந்தக் காலத்துது?" என்று கேட்டுவிட்டு நம் வாயையே பார்ப்பார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆள் முகத்தைவிட ரம்பத்தின் பல்லைப் பார்த்துப் பேசுவது எனக்குச் சுலபம். ஜமுனாமரத்தூர் சந்தையை ஒட்டி உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்ததில் ஒரு ரம்பத்தின் கதை மட்டும் சொல்கிறேன்.

புளி போட்டுக் குளித்தது

மலையில் ஒரு ஊரில் காளியம்மன் கோவிலுக்குப் புது நிலைக்கதவு வைக்க ஏற்பாடு. பழைய நிலையை அறுத்த ரம்பம் எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டார்தான் புது மரத்தில் முதல் அறுப்பு போட வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். மேல் வீடு, கீழ் வீடு என்று இரண்டு பங்காளி வீடுகள். இரண்டு வீட்டிலும் ஒரு பழைய ரம்பம். எது அந்த ரம்பம் என்று நான் சொல்ல வேண்டுமாம்.

முதலில் வந்தவர் மேல் வீட்டு வெள்ளையன். வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால் தகடு புது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னுகிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். பழைய இரும்பில் கறைதான் நமக்குச் சாட்சி. பேர் வெட்டியிருந்தால் அதன் நிழலாவது கறையில் நிற்கும். எல்லாம் போய்விட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன்.

"பெரியவரப் பாக்கக் கூட்டினு வர்றப்ப அழுக்கோட கூட்டினு வரலாங்களா? அதான் குளிப்பாட்டிக் கொண்டாந்தேன்."

சட்டைக்கு ஒரு வயசு

பிடியில் இரண்டு திருகாணிகள். இரண்டும் கடையில் வாங்கியவை, அதிகம் போனால் முப்பது வருஷம். இதை வைத்து வயசு சொல்கிறவர்கள் உண்டு. புதுச் சட்டை போட்டவனை இளவட்டம் என்று சொல்வது போலத்தான் அது. நான் பிடியை விட்டுத் தகட்டுக்குப் போனேன். ஆலையில் வந்த தகடு ஒரே தடிமனாக இருக்கும். இது விரலுக்கு மேடு பள்ளம் காட்டியது, கையால் அடித்தது. பல்லுக்குப் பல் முக்கால் அங்குலம். ஒரு ஆள் ஓட்டுகிற மூன்றடி ரம்பத்துக்கு இவ்வளவு பெரிய பல் எதற்கு? அதுவும் தள்ளும்போது அறுக்கிற பல். நுனியும் ஒழுங்காக முடியவில்லை. உளியால் கொத்தியது போல் பிசிறாக இருந்தது. இரண்டு நாள் விட்டுப் போங்கள் என்றேன்.

"விட்டுட்டுப் போறேங்க. ஆனா கீழ் வூட்டுக்காரங்க வந்தா இதுக்குப் பக்கத்துல அவங்களுத வெக்காதீங்க, ரெண்டுக்கும் ஆவாது."

இழுத்தால்தான் அறுக்கும்

மறுநாளே கீழ் வீட்டு அலமேலு வந்தார். அந்த வீட்டை நடத்துகிறவர் அவர்தான். துருவோடு, மாட்டுக்கொட்டகை ஒட்டடையோடு ரம்பம். எனக்குச் சந்தோஷம். அதே முக்கால் அங்குலப் பல். ஆனால் இது தள்ளினால் வழுக்கும், இழுத்தால்தான் அறுக்கும். அகலமும் கொஞ்சம் குறைவு.

"அண்ணே, மேல் வூட்டான் தள்ளி அறுக்கறவன். நம்ம பக்கத்து ஆசாரிங்க எல்லாம் இழுத்துத்தான் அறுப்பாங்க. தள்ளறது வெள்ளக்காரன் பழக்கம். எது முந்தி வந்துதுன்னு இதுலயே தெரில உங்களுக்கு?"

பக்கத்தில் வைக்காதே என்றதை வைத்தேன்

ரம்பத்தை என்னிடம் விட்டுவிட்டு அலமேலு போனார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நுனியைப் பார்த்தேன். அதிலும் உளிக் கொத்து. இரண்டையும் பலகையில் நீளவாக்கில் போட்டு, நுனியும் நுனியும் எதிரெதிராகத் தள்ளினேன். பிசிறுக்குள் பிசிறு உட்கார்ந்தது. அகலம் சேர்ந்த இடத்தில் மயிரிழை வித்தியாசம் இல்லை. பல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றது. ஆறடி ரம்பம்! மரத்தைக் குழிக்கு மேலே கிடத்தி, மேலே ஒருவர், கீழே குழியில் ஒருவர் நின்று அறுக்கிறது. பல் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே இறங்கும்போதுதான் அறுக்கும். அதை நடுவில் வெட்டி ஆளுக்கு ஒரு பிடி போட்டிருக்கிறார்கள். அதனால்தான் மேல்பாதி தள்ளினால் அறுக்கிறது, கீழ்ப்பாதி இழுத்தால் அறுக்கிறது. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இத ஊர் நடுவுல சொல்ல உங்களுக்கு வாய் வருமா? கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லவே வெக்கப்படற ஆளு நீங்க."

கோவில் வாசலில்

வாய் வரவில்லைதான். அதனால் பேசாமல், கழற்றி வைத்திருந்த பழைய வேங்கை நிலையின் மேல் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தேன். நிலையின் உள்பக்கம் இழைக்காமல் விட்டிருந்தது. அறுத்த வரிகள் அப்படியே இருந்தன, நீளமாக, நேராக. ஒரு ஆள் மூன்றடி ரம்பத்தால் போட முடியாத வரி. ஊர் முழுக்கக் குனிந்து பார்த்தது. வெள்ளையன் தன் பாதியை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். அது முன்போலவே பொருந்தியது.

"சரி பெரியவரே, வயசு இன்னா?" என்றார் ஊர்க்கவுண்டர். "இந்த ரெண்டு வீடும் பாகம் பிரிக்கிறதுக்கு முந்தியதுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது," என்றேன். அவர் விரல் விட்டுத் தலைமுறை எண்ணி, தன் தாத்தா பிறக்கும் முன்பே பாகம் பிரிந்துவிட்டது என்றார். முதல் அறுப்பு இரண்டு வீட்டுக்கும் என்று முடிவானது. பலா மரத்தில் ஒரே வரியில் வெள்ளையன் தள்ளினார். பிறகு அலமேலு இழுத்தார். கூர் நான் போட்டது, இரண்டுமே சிக்காமல் ஓடின. அலமேலு கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து வெள்ளையனைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் காலத்துலயே நீங்க மேல நின்னுட்டு, தூளெல்லாம் எங்க தலையிலதான் கொட்டிருக்கீங்க."

எத்தனையோ ரம்பத்துக்கு வயசு சொல்லியிருக்கிறேன். கேட்ட இரண்டு தரப்பும் என்னை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது இந்த ஒன்றில்தான்.