சவரிமுத்து அண்ணன் தன் உடம்பில் போட்ட கோடு

கண்டாச்சிபுரம் பக்கம் நிலக்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லையை அளந்துகொண்டிருந்தபோது பிலோமினா அண்ணியின் போன் வந்தது. "சேகரு, உங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். நிலத்துக்காரர்கள் இருவரும் வரப்பின் இரு பக்கமும் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திண்டிவனத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன்.

சர்வேயர் சவரிமுத்துவோடு விழுப்புரத்தில் வேலை பார்த்த நம் எல்லோருக்கும் தெரியும், யாருக்காகவும் அவர் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் தன் உடம்பு விஷயத்தில் பச்சைப் பொய் சொன்னார். நுரையீரல் புற்றுநோய் வலது விலா எலும்புக்குப் பரவியிருந்தது. படுத்தால் உயிர் போகிற வலி. இரண்டு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினார். ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்க வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. ஆனால் சென்னையில் டாக்டரம்மா "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டதும், "பரவால்லைங்க, மூணு இருக்கும்ங்க" என்றார்.

வெளியே வந்ததும் கூடப் போயிருந்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"அந்தம்மா பாவம், மருந்த மாத்தி மாத்திக் குடுத்துக்கினு இருக்காங்க. ஒண்ணுமே கொறையலன்னா மனசு கஷ்டப்பட மாட்டாங்களா?"

"மனசு கஷ்டப்படுவாங்கன்னு நீங்க யாருக்காவது அளவ மாத்தி எழுதியிருக்கீங்களா?"

அண்ணன் திரும்ப உள்ளே போய், "ஒம்பதுங்க. அப்ப சொன்னது தப்பு" என்றார்.

அதன் பிறகு பேச்சே மாறியது. மாத்திரையில் அடங்காத வலிக்கு இன்னும் வழிகள் உண்டு என்றார் டாக்டர். வயிற்றுத் தோலுக்கடியில் சிறிய பம்ப் வைத்து, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சொட்டுச் சொட்டாக மருந்து விடலாம். இல்லையென்றால் கழுத்தின் இடது பக்கம் வழியாக ஊசி செலுத்தி, தண்டுவடத்தில் வலி போகும் பாதையை மட்டும் சுட்டுத் துண்டிக்கலாம். வலி ஒரே பக்கம் இருப்பதால் இவருக்கு அது பொருந்தும். ஆனால் கால் பலவீனமாகலாம், சில மாதத்தில் வலி திரும்பவும் செய்யலாம். அண்ணனுக்கு நோயே மறந்துவிட்டது போலிருந்தது. "வலது பக்க வலிக்கு எடது பக்கம் ஏங்க குத்துறீங்க?" என்று கேட்டார். வலியின் பாதை தண்டுவடத்துக்குள் பக்கம் மாறிப் போவதை டாக்டர் வரைந்து காட்டினார். அந்தத் தாளை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சிகிச்சையின்போது விழித்திருந்தாராம். ஊசி முனையில் லேசாக மின்சாரம் விட்டு, எங்கே உணர்கிறார் என்று கேட்டுக் கேட்டுத்தான் சுட வேண்டிய இடத்தை உறுதி செய்தார்கள். "அங்க போய் பரவால்லைன்னா வேற எடத்த சுட்டுட மாட்டாங்களா? நெசத்த மட்டுந்தான் சொன்னேன்" என்று பிறகு சிரித்தார்.

மறுநாள் நான் போனபோது நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ ஐஸ் கட்டியும் பேனாவுமாக மும்முரமாக இருந்தார். வலது தோளுக்குக் கீழே, குளிர்ச்சி தெரியாமல் போகும் ஓரத்தில், உடம்பிலேயே கோடு போட்டிருந்தார்.

"இதுக்குக் கீழ தொட்டா தெரியுது, சூடும் ஜில்லும் மட்டும் தெரியல. அதிசயமா இல்ல?"

"காப்பி டம்ளர எடது கையில புடிங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு. கை வெந்தாலும் தெரியாது, இதுல அதிசயமாம்" என்று அண்ணி கடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தும் வாராவாரம் கோடு போட்டார். மூன்று மாதம் படுத்துத் தூங்கினார். கோடு மெல்லக் கீழே இறங்கியது. மரத்த இடம் குறைகிறது, வலி திரும்பப்போகிறது என்பது இருவருக்கும் தெரியும். எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் பேசினோம்.

கடைசியாகப் போனபோது வழக்கம்போல, "வலி எப்படிண்ணே?" என்றேன்.

"வலி அவ்ளோ இல்ல சேகரு. பயமாத்தான் இருக்குது."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அத்தனை மாதமும் வலியைப் பற்றி விசாரித்த நான், இதை ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்தேன்.

"இப்படியே புடிச்சிக்கினு இரு" என்றார்.

ஒரு மணி நேரம் பிடித்திருந்தேன். சவரிமுத்து அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.