கோல்வெனின் தோல் சீட்

கோல்வென் இறந்த பிறகு அவருடைய சைக்கிளை எடுத்துப் பார்த்தாள் மகள் சோலென். அவளுக்கு உயரம் அதிகமாக இருந்தது. சீட்டை மட்டும் கழற்றித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டாள்.

மோர்லே ஊர்ப் பால் ஆலையில் கொதிகலன் பார்த்தவர் கோல்வென். ஞாயிறானால் சைக்கிள் கிளப். அவருக்கு எப்போதும் ஒரே தோல் சீட்தான். மெழுகை அடிப்பக்கத்தில் மட்டும் தடவுவார். மழையில் காபி குடிக்க நின்றால் தன் தலை நனைந்தாலும் பரவாயில்லை, சீட்டுக்குக் குளியல் தொப்பி மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மகளும் கூடாது.

ஜூனில் இருவரும் மத்தியதரைக் கடல் வரை ஓட்டுவதாக இருந்தது. பிப்ரவரியில் அவர் இதயம் நின்றுவிட்டது. சோலென் தனியாகவே போவதென்று முடிவு செய்தாள். அப்பாவின் சீட்டில்தான் போவது.

ஈஸ்டருக்கு மறுநாள் ஊருக்குப் பக்கத்து ஆரே குன்றுகளில் ஓட்டிப் பார்த்தாள். மதியத்துக்குள் தொடையிடுக்கு மரத்துப்போயிற்று. குளிக்கும்போது எரிந்தது. களிம்பு போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறும் அதிலேயே போனாள்.

அவள் செயற்கைக் கால் செய்யும் பட்டறைக்காரி. பாரம் எலும்பில் இறங்கவேண்டும், சதையில் இறங்கினால் புண்ணாகும் என்று தினமும் யாரிடமாவது சொல்பவள். தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

மரிவோன்தான் கண்டுபிடித்தாள். முன்பு மீன் கடை வைத்திருந்தவள். கிளப்பில் அப்பாவோடு பல வருஷம் ஓட்டியவள்.

"என்னடி, வாத்து மாதிரி நடக்குற?"

"சீட் பழகணும், அவ்வளவுதான்."

"அதுக்குள்ள நீ பிஞ்சிருவ. இந்த அட்டையில உக்காரு."

கிளப் கொட்டகை ஸ்டூலில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டாள். சோலென் உட்கார்ந்து எழுந்தாள். அட்டையில் உட்காரும் எலும்புகள் பதிந்த இரண்டு பள்ளங்கள். சீட்டில் கோல்வெனின் பள்ளங்கள் இரண்டு. மரிவோன் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். சோலெனின் பள்ளங்கள் இருபுறமும் வெளியே தள்ளி, தோலுக்கு அடியிலிருந்த இரும்பு விளிம்பின் மேல் விழுந்தன.

"இது உங்கம்மா எலும்புடி. அவ சைக்கிள் பக்கமே வந்ததில்ல. நல்ல எலும்பு, வீணாப்போச்சு."

சோலென் சிரிக்கவில்லை. "நனைச்சு இழுத்துக் கட்டினா?"

"தோல் வளையும். அடியில இரும்பு வளையுமா? படிச்சவ நீ, நீயே சொல்லு."

"சும்மா வச்சா காஞ்சு வெடிச்சிரும்."

"வெடிக்கத்தான் செய்யும்."

சோலென் சைக்கிளை அவள் பக்கம் தள்ளினாள். "நீங்க ஏறிப் பாருங்க."

"ஐயோ, கோல்வென் எந்திரிச்சு வந்து உதைப்பான்."

ஆனாலும் ஏறினாள். கொட்டகை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றும் போனாள். இறங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எனக்கும் சேரல."

சோலென் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மரிவோனின் இடுப்பு கொஞ்சமும் ஆடவில்லை. தான் இத்தனை வருஷம் தொடாத இடம், அப்பாவுக்குச் சொந்தமில்லாத ஒருத்திக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. தனக்கு வந்தது பொறாமை என்று தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"பொய் சொல்லாதீங்க. நான் பாத்தேன்."

மரிவோன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

சோலென் ஸ்பேனரை எடுத்தாள். சீட்டைக் கழற்றி மரிவோனின் சைக்கிளில் பூட்டினாள். முனையைச் சற்றே தாழ்த்தி, நேராக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்து முறுக்கினாள்.

"கடல் வரைக்கும் நானும் வரட்டுமாடி?" என்றாள் மரிவோன். "மெதுவாத்தான் வருவேன். ஆனா வந்துருவேன்."

"வேணாம்."

"ஏன்?"

"அதுல நீங்க உக்காந்திருக்கிறத நாள் முழுக்க என்னால பின்னாலேர்ந்து பாத்துக்கிட்டு வரமுடியாது."

மரிவோன் தலையை ஆட்டினாள். கோபித்துக்கொள்ளவில்லை.

சோலென் கடைக்குப் போய்த் தன் அளவுக்கு ஓர் அகலமான தோல் சீட் வாங்கினாள். மரக்கட்டை மாதிரி இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் தெற்கே கிளம்பினாள். முதல் நாள் மாலை தங்கிய விடுதியில் சாப்பாட்டு மேஜைக்கு வந்த பணிப்பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். சோலென் ஒரு விரலைக் காட்டினாள்.